வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்குப் புதிதாக வருகிறீர்களா? முப்படைத் திட்டமிடலைக் கற்க ஒரு வழிகாட்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறுபவர்களில் பெரும்பாலோர் குன்னூரைத் தாண்டி நேரே ஊட்டிக்குப் போய்விடுவார்கள். ஆண்டுதோறும் ஜூன் வாக்கில் 400-க்கும் மேற்பட்ட அதிகாரிகள் மட்டும் குன்னூருக்கு அடுத்த வெலிங்டனில் இறங்கிப் பெட்டியைப் பிரிப்பார்கள். தரைப்படை மேஜர்கள், கடற்படை லெப்டினன்ட் கமாண்டர்கள், விமானப்படை ஸ்குவாட்ரன் லீடர்கள், கொஞ்சம் மூத்தவர்கள், நட்பு நாடுகளின் அதிகாரிகள் எனக் கலவையான கூட்டம். அடுத்த ஏப்ரல் வரை அவர்கள் அங்கே படிப்பதன் மையம் ஒன்றுதான்: மூன்று படைகளும் சேர்ந்து ஒரு காரியத்தை எப்படித் திட்டமிடுவது.

இந்த ஆண்டு இடம் கிடைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். "மேஜர் ஆன பிறகும் இன்னும் என்ன படிப்பு?" என்று கேட்கும் வீட்டாரும் படிக்கலாம். ரகசியம் எதுவும் இதில் இல்லை.

கல்லூரியின் பூர்வீகம் தெரிந்திருப்பது நல்லது, யாராவது கேட்பார்கள். 1905-இல் தேவ்லாலியில் தொடங்கி, 1907-இல் குவெட்டாவுக்குப் போன பழைய ஸ்டாஃப் காலேஜ், பிரிவினையில் பாகிஸ்தான் பக்கம் சேர்ந்தது. இந்தியாவுக்கென 1947-இல் வெலிங்டனில் புதிதாக ஒன்றை ஆரம்பித்தார்கள். முதலில் தரைப்படைக்கு மட்டும். சில ஆண்டுகளுக்குள் விமானப்படையும் கடற்படையும் வந்து சேர, 'டிஃபென்ஸ் சர்வீசஸ் ஸ்டாஃப் காலேஜ்' ஆனது. சின்னம் ஆந்தை. சாம் மானெக்‌ஷா இதன் கமாண்டன்ட்டாக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு குன்னூரிலேயே தங்கி, 2008 ஜூன் 27-இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில்தான் காலமானார்.

மலையேறும் முன் செய்ய வேண்டியது

தரைப்படைக்காரர்கள் நுழைவுத் தேர்வுக்குப் படித்த களைப்பில், இனி எல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று புத்தகத்தை மூடிவிடுவார்கள். வேண்டாம். ஆனால் தடித்த கோட்பாட்டு நூல்களையும் எடுக்காதீர்கள். அவற்றை அங்கே எப்படியும் படிக்க வைப்பார்கள். இப்போது தேவை மற்ற இரண்டு படைகளின் அன்றாடக் கணக்கு.

ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் போகும் கப்பல் ஒரு நாளில் 360 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 667 கிலோமீட்டர் கடக்கும். இதை மனத்தில் வைத்திருக்கும் தரைப்படை அதிகாரி, "நாளை காலைக்குள் அந்தமானுக்குக் கப்பலை அனுப்பு" என்று கேட்கமாட்டார். கடற்படைக்காரரும் விமானப்படைக்காரரும் பலசமயம் சூலு நேரத்தில், அதாவது கிரீன்விச் நேரத்தில், பேசுவார்கள். இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழித்துக்கொள்ள வேண்டும். சூலு 0030 என்றால் நம் கடிகாரத்தில் காலை 6 மணி. தரைப்படை வரைபடக் கட்டத்தில் இடத்தைச் சொல்லும், கப்பல் அட்சரேகை தீர்க்கரேகையில் சொல்லும். விமானி உயரத்தை அடியில் சொல்வார், மற்றவர் மீட்டரில் எழுதுவார். இவையெல்லாம் சில்லறை விஷயங்கள்போலத் தெரியும். ஆனால் திட்டம் உடையும்போது இந்த ஒட்டுக்களில்தான் முதலில் விரிசல் விடும். எனவே ஊரில் இருக்கும்போதே ஒரு சிறு நோட்டில் ஒவ்வொரு படைக்கும் வேகம், சுமை, தூரம், ஆயத்த நேரம், ஓய்வு நேரம் என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்று, எழுத்து. நீளமாக எழுதிப் பழகியவர்கள் இப்போதே கத்தரிக்கப் பழகுங்கள். இரண்டு பக்கச் சேதியை அரைப் பக்கத்தில் சொல்லத் தெரியாதவர் அங்கே இரவெல்லாம் விழித்திருப்பார்.

வந்து சேர்வது பற்றிக் கொஞ்சம்

கோடை சீசன் கூட்டத்தில் மாட்டினால் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் ஏறி, கோத்தகிரி வழியே இறங்கும் ஒருவழி ஏற்பாடு இருக்கும். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறையும் வந்துவிட்டது. வீட்டுச் சாமான் லாரிக்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள். பிளாஸ்டிக் பாட்டில்களை வழியிலேயே பறிமுதல் செய்வார்கள். ஜூன் மாதம்தானே என்று கம்பளி இல்லாமல் வராதீர்கள். குழந்தைகளின் பள்ளி, வீடு ஒதுக்கீடு போன்றவற்றுக்கு முன்னால் வந்தவர்களைக் கேட்பதே சுலபம். ஏற்கெனவே பயிற்சி முடித்த தமிழ் அதிகாரி ஒருவராவது உங்கள் யூனிட்டுக்குப் பக்கத்தில் இருப்பார்.

சின்டிகேட் என்னும் சின்னக் குழு

பெரிய அரங்கில் விருந்தினர் உரைகள் நடக்கும். ஆனால் கல்வி நடப்பது சின்டிகேட்டில். சில அதிகாரிகள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார, மூத்த அதிகாரி ஒருவர் வழிநடத்துவார். அவரை எல்லோரும் டி.எஸ். (டைரக்டிங் ஸ்டாஃப்) என்பார்கள். அவரிடம் 'சரியான விடை' ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. முந்தைய ஆண்டுகளின் விடைத்தாள்களைத் தேடி அலைபவர்களும் உண்டு. அது கிடைத்தாலும் பயனில்லை. பக்கத்து நாற்காலியில் இருக்கும் கடற்படைக்காரர் "ஏன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் கடன் வாங்கிய விடை நிற்காது.

தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம்மில் பலர் மூத்தவர் பேசும்போது குறுக்கிடமாட்டோம். அது நல்ல வளர்ப்பு. சின்டிகேட்டில் அது உதவாது. உங்களைவிட இரண்டு வருடம் மூத்த விமானப்படைக்காரர் தவறான தூரக் கணக்கோடு போய்க்கொண்டிருந்தால், "சார், ஒரு சந்தேகம்" என்று தொடங்கி அங்கேயே நிறுத்துங்கள். பணிவு குரலில் இருந்தால் போதும்.

திட்டம் போடும் படிகள்

பயிற்சிக்கு எல்லைப் போர் எதற்கு? நீலகிரியையே எடுத்துக்கொள்வோம். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் பெருமழையில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஆகவே கற்பனை செய்வது கடினமில்லை: நவம்பர் மாதம், குன்னூர் மலைப்பாதையில் பல இடங்களில் சரிவு, கேத்திப் பள்ளத்தாக்குப் பக்கம் 1,000 பேர் துண்டிக்கப்பட்டுவிட்டார்கள். மாவட்ட ஆட்சியர் படைகளின் உதவியைக் கேட்கிறார்.

முதலில் நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "நிவாரணம் அளித்தல்" என்று எழுதினால் டி.எஸ். திருப்பித் தந்துவிடுவார். யாருக்கு, எதுவரை, எந்த நேரத்துக்குள்? "48 மணி நேரத்துக்குள் ஒரு சாலையையாவது திறந்து, அதுவரை துண்டிக்கப்பட்ட 1,000 பேரை உயிரோடு வைத்திருத்தல்." இதில் இரண்டு வேலைகள் இருப்பது உடனே தெரிகிறது. சாலை திறப்பது தரைப்படையின் வேலை. அதுவரை தாக்குப்பிடிக்க வைப்பது பெரும்பாலும் வானிலிருந்து. ஒரே நோக்கத்துக்கு இரண்டு கை என்று புரிந்தவுடன் கூட்டுத் திட்டம் ஆரம்பமாகிவிடுகிறது.

அடுத்தது நிலைமை மதிப்பீடு. அங்கே அப்ரிசியேஷன் என்பார்கள். நிலம், வானிலை, பலம், நேரம், வழங்கல் என்று ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே "அதனால் என்ன?" என்று எழுத வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். தகவலை அழகாக அடுக்குவார்கள், முடிவு வராது. "குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம்" என்பது தகவல். அதனால் என்ன? காற்று மெல்லியது, ஹெலிகாப்டர் சமவெளியில் தூக்கும் சுமையை இங்கே தூக்காது. சமவெளியில் நான்கு டன் வரை ஏற்றும் எம்.ஐ.-17 வகைக்கு நாம் கணக்குக்காக இரண்டரை டன் என்று வைப்போம். அதனால் என்ன? 1,000 பேருக்கு உணவும் நீரும் ஆளுக்கு மூன்று கிலோ என்றால் நாளுக்கு மூன்று டன். ஒரு நடை போதாது, இரண்டு வேண்டும்.

இனி நேரம். கோவை அருகே உள்ள சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து வெலிங்டன் வர ஹெலிகாப்டருக்கு 27 நிமிடம் என்று கொள்ளுங்கள். இறக்க 20 நிமிடம், திரும்பிப் போக அதே 27 நிமிடம், அங்கே மறுபடி ஏற்ற 30 நிமிடம். காலை 7 மணிக்குக் கிளம்பினால் 7.27-க்கு வரும், 7.47-க்குக் கிளம்பும், 8.14-க்கு சூலூர். 8.44-க்கு மறுபடி புறப்பட்டு 9.11-க்கு வந்து, 9.31-க்குத் திரும்பும். மூன்றாவது நடை 10.55-க்கு வந்து 11.15-க்குக் கிளம்ப வேண்டியிருக்கும். பதினொரு மணிக்குமேல் பள்ளத்தாக்கில் மேகம் அடைத்துவிடும் என்பது வானிலைக் கணிப்பானால், மூன்றாவது நடையைத் திட்டத்தில் எழுதக்கூடாது. காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். எழுதக்கூடாது.

இந்தப் பகுதியில் வானிலை வெறும் படிவத்தின் ஒரு கட்டம் அல்ல. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் இதே கல்லூரியில் உரையாற்ற சூலூரிலிருந்து 11.48-க்குப் புறப்பட்டார். 12.15-க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது. நஞ்சப்பசத்திரம் அருகே ஹெலிகாப்டர் விழுந்தது. அதில் இருந்த 14 பேரில் 13 பேர் அன்றே இறந்தனர். கல்லூரியின் டி.எஸ்.களில் ஒருவரான குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்து இறந்தார். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததில் விமானிக்குத் திசையுணர்வு தப்பியது என்று முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவு சொன்னது. வெலிங்டனில் உட்கார்ந்து "வானிலை: சாதகம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்பவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

கணக்குக்குத் திரும்புவோம். இரண்டு நடையில் ஐந்து டன் வருகிறது, தேவை மூன்று. மீதி இரண்டு டன்னில் என்ன ஏற்றுவது? மருந்து, ஜெனரேட்டருக்கு டீசல், மரம் அறுக்கும் எந்திரங்கள். ஜே.சி.பி. ஏறாது, அது சாலை வழியேதான் வர வேண்டும். திரும்பும் நடையில் காயம்பட்டவர்களை இறக்கலாம். அப்படியென்றால் சூலூரில் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும், அது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. பாருங்கள், ஒரு ஹெலிகாப்டரின் காலியான திரும்புநடை சிவில் அதிகாரியின் மேசைக்குப் போய்விட்டது.

எந்தச் சாலையை முதலில் திறப்பது என்பது மாற்றுவழிகளின் ஒப்பீடு. குன்னூர்ப் பாதை, கோத்தகிரிப் பாதை, மஞ்சூர்–கெத்தை வழியே காரமடை, மறுபக்கம் கூடலூர், 36 கொண்டை ஊசி வளைவுகளுடைய கல்லட்டி. குறைந்தது இரண்டு வழிகளை நேர்மையாக அலசுங்கள். முன்பே ஒன்றை முடிவு செய்துவிட்டு, இரண்டாவதை ஒப்புக்கு நோஞ்சானாக எழுதி நிறுத்துவது அங்கே எல்லோருக்கும் தெரிந்த தந்திரம், டி.எஸ்.க்கும் தெரியும்.

கடற்படைக்கு மலையில் என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதுபோல, அதே வாரம் டெல்டாவில் ஒரு புயல் என்று டி.எஸ். ஒரு துண்டுச் சீட்டு நீட்டுவார். சூலூர் ஹெலிகாப்டர்களை இரண்டு பக்கமும் கேட்கிறார்கள். இப்போது கப்பலில் கடலோரத்துக்குச் சரக்கு போனால் ஹெலிகாப்டர் மலைக்கு மிஞ்சும். ஆக நீலகிரியைக் காப்பாற்றுவது நாகப்பட்டினம் கடலில் நிற்கும் கப்பல். மூன்று படைகளும் ஒரே இடத்தில் தோளோடு தோள் நிற்பதே கூட்டு நடவடிக்கை என்ற படம் இந்த இடத்தில் கலைந்துவிட வேண்டும்.

யார் தலைமை, யார் துணை

பயிற்சி மேசையில் மிகச் சூடான சண்டை இதில்தான். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தளபதி முதன்மை, மற்றவர்கள் துணை. கட்டம் மாறினால் முதன்மையும் மாறலாம். கடல்வழித் தரையிறக்கத்தில் கரை தொடும்வரை கடற்படையின் கை ஓங்கியிருக்கும். கரையில் காலூன்றியபின் தரைப்படைக்கு மாறும். அந்த மாற்றம் எந்த நேரத்தில், எந்த நிபந்தனையில் என்று எழுதாவிட்டால் இரண்டு பேரும் கட்டளையிடுவார்கள், அல்லது இரண்டு பேரும் காத்திருப்பார்கள்.

கார்கிலை இந்தக் கண்ணோடு படியுங்கள். 1999 மே மாதம் ஊடுருவல் தெரியவந்தபோது தரைப்படை ஆயுத ஹெலிகாப்டர்களைக் கேட்டது. அந்த உயரத்தில் அவை எளிதில் இலக்காகும், மேலும் வான்பலத்தை இறக்க அரசின் ஒப்புதல் வேண்டும் என்பது விமானப்படையின் நிலை. ஒப்புதல் கிடைத்து மே 26-இல் வான் தாக்குதல் தொடங்கியது. 27-இல் இரண்டு போர் விமானங்களும், 28-இல் ஒரு எம்.ஐ.-17-உம் இழப்பு. அதன்பின் ஆயுத ஹெலிகாப்டர்களை விலக்கி, மிராஜ் 2000-இன் லேசர் வழிகாட்டிக் குண்டுகளுக்கு மாறினார்கள். யார் சரி என்று கட்சி கட்டுவது சுவாரசியம்தான். படிப்பவர் கவனிக்க வேண்டியது வேறு: ஒருவர் கருவியைக் கேட்டார், விளைவைக் கேட்கவில்லை. "ஹெலிகாப்டர் கொடு" என்பதற்குப் பதில் "அந்த முகட்டில் இருக்கும் பங்கரை இந்த நேரத்துக்குள் முடக்க வேண்டும்" என்று கேட்டால், எதைக்கொண்டு செய்வது என்று விமானப்படை யோசிக்கும். சின்டிகேட்டில் உங்கள் கோரிக்கைகளை எல்லாம் இப்படியே எழுதிப் பழகுங்கள்.

இணைப்பு நேரம் பற்றியும் இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 1971 டிசம்பர் 11 அன்று டாங்கைலில் பாராசூட் வீரர்கள் இறங்கினார்கள். தரைவழியே முன்னேறிய மராத்தா படைப்பிரிவு அன்று மாலையே அவர்களை வந்து தொட்டது. 1987 அக்டோபர் 11-12 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்திய அமைதிப்படையினரை ஹெலிகாப்டரில் இறக்கியபோது, இறங்கும் இடத்திலேயே கடும் சுடுதல். அடுத்தடுத்த நடைகள் நின்றுபோயின. இறங்கிய சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி பிளட்டூனில் ஒருவரைத் தவிர எல்லோரும் மாண்டார்கள். தமிழருக்கு அந்த ஆண்டின் நினைவு பல பக்கங்களிலும் ரணமானது. அதைத் தள்ளிவைத்துப் படிப்பது எளிதல்ல. ஆனாலும் திட்டமிடுபவர் படித்தே ஆக வேண்டும். இரண்டாவது நடை வராவிட்டால் முதல் நடையில் போனவர்கள் என்ன செய்வார்கள்? வான்வழி எதைத் திட்டமிட்டாலும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதாமல் தாளைக் கொடுக்காதீர்கள்.

ஆணை எழுதுவது, ஆடிப்பார்ப்பது

ஆணைக்கு ஐந்து பத்திகள்: நிலைமை, பணி, நிறைவேற்றம், நிர்வாகமும் வழங்கலும், கட்டளையும் தகவல்தொடர்பும். வடிவம் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். நேர அட்டவணையை மட்டும் பின்னிருந்து முன்னாகப் போடுங்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் முகூர்த்தத்தைக் குறித்துவிட்டு, மாப்பிள்ளை அழைப்பு எப்போது, சமையல்காரர் அடுப்பு மூட்டுவது எப்போது என்று பின்னோக்கிக் கணக்கிடுவோமே, அதே முறை. அங்கே முகூர்த்தத்தின் பெயர் எச்-அவர்.

திட்டங்களை மேசையில் மோதவிட்டுப் பார்க்கும் வார் கேமில் எதிரியாக ஆடும் வேலை வந்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தத் திட்டத்தின் ஓட்டை சொந்தக் கண்ணுக்குப் படாது. எதிரியாக உட்கார்ந்தவருக்கு அரை மணியில் தெரிந்துவிடும்: இவர்களுடைய எரிபொருள் எல்லாம் ஒரே பாலத்தைத் தாண்டி வருகிறது, அதை அடித்தால் போதும். எதிரியாக நன்றாக ஆடியவர்கள் அடுத்த பயிற்சியில் தங்கள் பக்கத்தை மற்றவர்களைவிட நன்றாகத் திட்டமிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மாலையில் ஜிம்கானா, கோல்ஃப், விருந்து என்று அழைப்புகள் இருக்கும். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நூலகத்தில் அடைந்துகிடக்க வேண்டாம். நீர்மூழ்கிக்காரர் ஒருவரோடு தேநீர் குடித்தபடி அரை மணி பேசினால், கையேட்டில் இல்லாத விஷயம் கிடைக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பட்டத்துக்கான ஆய்வேட்டை மட்டும் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். தலைப்பைச் சின்னதாக எடுங்கள். "இந்தியப் பெருங்கடலின் எதிர்காலம்" என்று எடுத்தவர்கள் பிப்ரவரியில் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது.

முடித்துப் போகும்போது

படிப்பு முடிந்தவுடன் எல்லோருக்கும் முப்படைத் தலைமையகத்தில் இடம் கிடைத்துவிடாது. பலர் சொந்தப் படையின் தலைமையகத்துக்கே திரும்புவார்கள். ஆனால் காலம் அந்தப் பக்கம்தான் நகர்கிறது. 2001-இல் அந்தமான் நிகோபார் கமாண்ட் முதல் முப்படைக் கமாண்டாக அமைந்தது. 2020 ஜனவரியில் முதல் முப்படைத் தலைமைத் தளபதி பொறுப்பேற்றார். 2023-இல் வந்த முப்படை அமைப்புகள் சட்டம், அப்படிப்பட்ட அமைப்பின் தலைவருக்குத் தன்கீழ் உள்ள மூன்று படையினர் மீதும் ஒழுங்கு அதிகாரம் தந்தது. 2024 மே 10 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் தரைப்படைத் தளபதி ஒருவர், தன்னிடம் பணியாற்றும் விமானப்படை ஊழியர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அவருடைய சொந்தப் படைக்கே அனுப்பிவைக்க வேண்டியிருந்தது. இந்தச் சட்டத்தையும் விதிகளையும் கிளம்பும் முன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

கூட்டு அமைப்பு ஒன்றில் பணி கிடைத்தால், முதல் வாரத்திலேயே மற்ற இரண்டு படைகளின் ஸ்டாஃப் அதிகாரிகளிடம் போய் மூன்று விஷயம் கேளுங்கள்: உங்கள் தளவாடம் ஆயத்தமாக எத்தனை மணி நேரம் வேண்டும், அந்த நேரத்தை நீட்டிப்பது எது, இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது. பதிலைக் கோப்பில் போட்டுவிட்டு மறக்காமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டுத் திருத்துங்கள். ஆட்கள் மாறியிருப்பார்கள்.